ஏரிக்கு ஒரு நாள் களப்பயணம்: இயற்கையையும் வரலாற்றையும் சேர்த்துக் காட்டுவது எப்படி?

கேள்வி (வரலாற்று ஆசிரியை):

அனைவருக்கும் வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்து வருகிறேன். இரண்டாம் ஆண்டு வரலாற்று மாணவர்களையும் விலங்கியல் மாணவர்களையும் சேர்த்து ஏறக்குறைய நாற்பது பேரை மார்கழி கடைசியிலோ தை முதலிலோ ஒரு நாள் களப்பயணமாக ஏரி பார்க்க அழைத்துச் செல்லலாம் என்று இரு துறைகளும் முடிவு செய்திருக்கின்றன. காலையில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள், நண்பகலில் மதுராந்தகம் ஏரி, மாலையில் வேடந்தாங்கல் என்று ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மூன்றும் ஒரே நாளில் சாலை வழியாகச் சென்று பார்க்கக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன.

இந்தத் திட்டத்தில் எனக்கே ஒரு மனக்குறை இருக்கிறது. கோயிலில் நிற்கும்போது விலங்கியல் மாணவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பறவைகளைக் காணும்போது வரலாற்று மாணவர்கள் அதையே செய்வார்கள். ஒரே பேருந்தில் போகும் இரண்டு தனித்தனிப் பயணங்களாக இது முடிந்துவிடக் கூடாது. ஏரி என்ற ஒன்றை வைத்து இரு பிரிவினரும் ஒரே கேள்வியைக் கேட்கும்படி செய்ய முடியுமா? எதை முதலில் காட்ட வேண்டும், எதை விட்டுவிடலாம், மாணவர்கள் கையில் என்ன வேலை கொடுக்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்):

வணக்கம் அம்மா. கோயிலிலும் தொடங்க வேண்டாம், பறவையிலும் தொடங்க வேண்டாம், ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கில் தொடங்குங்கள் என்பதே என் கருத்து. ஏரி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத ஒருவருக்கு அதன் வரலாறும் விளங்காது, அங்கே நாரை ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதும் விளங்காது.

நம் வடதமிழகச் சமவெளி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரையை எழுப்பி, மேலிருந்து வரும் மழைநீரைத் தேக்குவதுதான் ஏரி; ஆகவே பெரும்பாலான ஏரிகளில் கரை ஒரு பக்கம்தான் இருக்கும், எதிர்ப்பக்கத்தில் நீர் நிலத்தோடு நிலமாகப் பரவி முடிந்துவிடும். மாணவர்களைக் கரைமேல் நிறுத்தி, ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் கரைக்குக் கீழே கிடக்கும் ஆயக்கட்டு வயல்களையும் (ஏரிநீர் பாயும் வயல்கள்) மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். வயல்மட்டம் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதைக் கண்ணால் கண்டுவிட்டால், இறைக்காமல் கொள்ளாமல் மடையைத் திறந்த மாத்திரத்தில் நீர் எப்படிப் பாய்கிறது என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

அடுத்து கலிங்குக்கு வாருங்கள். ஏரி நிரம்பினால் உபரிநீர் கரையை உடைக்காமல் வழிந்து வெளியேறுவதற்கான கற்கட்டுமானம் அது. அதன் முகட்டு மட்டம்தான் ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம். அந்த மட்டத்தில் கண்ணை வைத்து எதிர்க்கரைப் பக்கம் நேராகப் பார்த்தால், அந்தப் பார்வைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் நிலமெல்லாம் ஏரிக்குச் சொந்தமானது என்பது மாணவர்களுக்கே தெரியவரும். அங்கே இன்று என்ன நிற்கிறது என்பதையும் அவர்களே குறித்துக்கொள்ளட்டும். பழைய கலிங்குகளில் முகட்டின்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். மழைக்காலம் முடியும் தறுவாயில் அக்கற்களுக்கு இடையே பலகையோ மண்ணோ வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாக நீரைத் தேக்குவார்கள். கீழே வயல் வைத்திருப்பவருக்கு அது ஆதாயம். மேலே நீர்ப்பரவல் ஓரத்தில் பயிர் வைத்தவருக்கு அதனால் நிலம் மூழ்கும். அந்த ஒரு சாண் உயரத்துக்காக ஊருக்கும் ஊருக்கும் வழக்கு நடந்திருக்கிறது. வரலாற்று மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கலிங்கில் வழியும் நீர் வீணாவதில்லை. வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்குப் போகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள், கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு; அவற்றில் பெரும்பாலானவை இப்படித் தொடராகப் பிணைந்தவை. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரம் வகுப்பிலேயே செயற்கைக்கோள் படத்தை விரித்து, எந்த ஏரியின் உபரிநீர் எந்த ஏரிக்குச் செல்கிறது என்று வரையச் சொல்லுங்கள். களத்தில் அந்த வாய்க்கால் இருக்கிறதா, தூர்ந்துவிட்டதா, அதன்மேல் கட்டடம் எழும்பிவிட்டதா என்று சரிபார்ப்பது இரு துறையினருக்கும் பொதுவான வேலையாக இருக்கும்.

ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் கேட்டறியட்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. மதுராந்தகத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பேருந்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பதால் பயன் இல்லை. அந்த ஏரியின் அளவுக்கு அதை ஒழுங்காகப் பார்க்க அரை நாள் வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டும் என்றால் நான் அதைத்தான் விடுவேன்.

பதில் 2 (கல்வெட்டு ஆர்வலர்):

பொறியாளர் ஐயா கூறும் வரிசையை நானும் ஏற்கிறேன். ஆனால் அவர் சொல்லும் கலிங்கு உத்திரமேரூர் ஏரியினுடையதாகவே இருக்கட்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன். பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று குறிக்கப்படும் ஏரி அதுதான். அதன் கரையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, பிறகு கோயிலுக்குச் சென்று முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளை, அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவற்றைப் பார்த்தால், குடவோலை என்ற பாடப்புத்தகச் சொல்லுக்குப் பின்னால் என்ன அவசியம் இருந்தது என்பது புரியும்.

அந்த ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் (ஊரின் வட்டாரங்கள்) குடவோலை முறையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, ஆள் தேர்ந்து, சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பிரித்திருக்கிறார்கள். ஏரியைக் கவனிப்பதற்கென்றே தனி வாரியம் இருந்தது என்பதும், அதன் பதவிக்காலம் 360 நாள்தான் என்பதும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது என்பதும் கவனிக்க வேண்டியவை. கரை பலவீனப்பட்டதும் தூர் சேர்ந்ததும் மழை வந்த பிறகுதான் வெளியே தெரியும். அப்படிப்பட்ட ஒன்றைப் பொதுப்பணத்தில் பராமரிக்கும்போது கணக்கில் கண்டிப்பு தேவைப்பட்டது இயல்பே. பல்லவ, சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆண்டுதோறும் குழி வெட்டித் தூர் எடுக்கவும் கரையை உயர்த்தவும் பொன்னோ நெல்லோ முதலாக வைத்து, அதன் வட்டியிலிருந்து செலவழிக்கும் அறக்கட்டளைகள் ஏராளமாக வருகின்றன. ஏரிப்பட்டி என்று நிலத்தையே ஒதுக்கியதும் உண்டு.

இதை மக்களாட்சி என்று உடனே கொண்டாடிவிட வேண்டாம் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை உள்ள, பிரம்மதேயமான (பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட) அவ்வூரின் ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் ஓலை இருந்தது. ஏரியை வெட்டியவர்களும் மண் சுமந்தவர்களும் அந்தச் சுவரில் பெயராக இல்லை. பின்னாளில், 1858ஆம் ஆண்டின் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்துக்கு (ஏரி, வாய்க்கால்களை ஊராரே உழைத்துச் சீர்செய்யும் வழக்கம்) வராதவர்மேல் தண்டம் விதிக்க வழி செய்தபோது, அந்தச் சுமையில் பெரும்பகுதி யார் தலையில் விழுந்திருக்கும் என்று கேட்டு விவாதிக்க வையுங்கள். 2017 முதல் குடிமராமத்து என்ற பெயரையே தமிழ்நாடு அரசு ஒரு திட்டத்துக்கு மீண்டும் எடுத்துக்கொண்டது என்பதால், இந்த விவாதம் பழங்கதையாக நின்றுவிடாது.

நடைமுறையாக இரண்டு செய்திகள். கல்வெட்டறிஞர் வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் இக்கல்வெட்டுகளைப் பதிப்பித்து விளக்கியிருக்கிறார். அந்த வாசகத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டால், தமிழும் கிரந்தமும் கலந்த எழுத்துகளில் ஏரி வாரியம் வரும் இடத்தை மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கலாம். சுவருக்கு நேராக வெளிச்சம் காட்டினால் எழுத்துத் தெரியாது. கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மாவு, சுண்ணக்கட்டி எதையும் கல்லில் தேய்க்க விடாதீர்கள்.

பதில் 3 (நத்தைகுத்தி):

பறவை நோக்குபவன் என்ற முறையில், வேடந்தாங்கலை மாலைக்கு வைத்திருப்பது சரி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரை தேடப் போன பறவைகள் நான்கு மணிக்குமேல் கூட்டங்கூட்டமாகத் திரும்பும். ஆனால் அங்கே பறவைகளின் பெயர்ப்பட்டியல் எழுத வைக்கும் வழக்கமான பயிற்சியைக் கைவிட்டுவிட்டு, பொறியாளர் ஐயா தொடங்கிய இடத்திலிருந்தே மேலே செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வேடந்தாங்கலும் ஒரு பாசன ஏரிதான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்போது உள்ளே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களையும் கருவேல மரங்களையும் சுற்றி நீர் சூழ்ந்துகொள்கிறது. தரைவழி வரும் விலங்குகள் அம்மரங்களை அணுகுவது கடினமாகிறது. கூடு கட்டும் பறவைக்கு இது ஓர் அகழி. எனினும் அவ்வளவு பறவைகளுக்கும் வேண்டிய இரை அந்தச் சிறிய ஏரிக்குள் கிடைக்காது. சுற்றிலும் உள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும்தான் அவை இரை தேடுகின்றன. நத்தைகுத்தி நாரைக்கு அலகின் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். வயல்களிலும் ஏரிகளிலும் உள்ள பெரிய நன்னீர் நத்தைகளே அதன் முதன்மை உணவு. ஆகவே மடை திறந்து வயலில் நீர் பாய்வதற்கும், கூட்டில் குஞ்சு வளர்வதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பறவைகளின் எச்சம் நீரில் கலந்து தழைச்சத்தாகி மீண்டும் வயலுக்கே போகிறது என்பதை அவ்வூர் விவசாயிகள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். தீபாவளிக்குக் கூட அவர்கள் வெடி வெடிக்காததற்குக் கருணை மட்டும் காரணமன்று, இந்தக் கணக்கும் சேர்ந்ததே என்று நான் நினைக்கிறேன். அதனால் அவர்கள் பெருமை குறைந்துவிடாது.

வரலாற்று மாணவர்களுக்கு இங்கே நேரடியாகவே வேலை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கியோடு வந்தவர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டு, செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடமிருந்து 1798 வாக்கில் பாதுகாப்பு உரிமைச்சீட்டுப் பெற்றனர். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936இல் சரணாலயமாக ஏற்கப்பட்டு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அரசு காப்பதற்கு முன்பே ஊர் காத்தது என்பதற்கு எழுத்துச் சான்று உள்ள அரிய இடங்களுள் இது ஒன்று. ஏரி வாரியத்தைப் பற்றிக் காலையில் பேசியவர்கள் மாலையில் இதைக் கேட்டால், ஒரு நீர்நிலையை யார் யாருக்காகக் காக்கிறார்கள் என்ற ஒரே கேள்விக்கு இரண்டு காலத்து விடைகள் கிடைக்கும். ஆசிரியை அவர்கள் தேடும் பொதுக் கேள்வியும் இதுவாக இருக்கலாம்.

செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதும் 'வெளிநாட்டுப் பறவைகள்' என்ற தொடரை மாணவர்கள் சரிபார்க்கட்டும். அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா ஆகிய அனைத்தும் இந்தியாவில் வாழ்பவையே. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை இங்கே கூடு கட்டுவதில்லை; இரை தேடி, பனிக்காலம் முடிந்ததும் திரும்பிவிடுகின்றன. கூடு கட்டுபவை எவை, தங்கிச் செல்பவை எவை என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதச் சொன்னால் போதும்.

வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்த்து, நாற்பது பேரையும் ஒன்றாக நிறுத்தாமல் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்புங்கள். தொலைநோக்கிகள் குழுவுக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

வரலாற்று ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. மதுராந்தகத்தை நீக்கிவிட்டு, காலையில் உத்திரமேரூர் ஏரிக்கரை, பிறகு கோயில், பிற்பகலில் வேடந்தாங்கல் என்று மாற்றிக்கொள்கிறேன். நாரைக்கும் மடைக்கும் உள்ள தொடர்பைப் படித்தபோது விலங்கியல் துறை நண்பர், இதற்கு இரண்டு துறை எதற்கு, ஒரே குறிப்பேடு போதும் என்று கூறிவிட்டார். இன்னும் ஒரே ஓர் ஐயம் இருக்கிறது. நீரைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் அவர் விரும்புகிறார். ஊர்ப் பெரியவர்களிடம் பேச வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டுக்கும் நேரம் போதுமா?

பதில் 4 (சுற்றுச்சூழல் அறிவியல் ஆய்வு மாணவி):

வணக்கம் அம்மா. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் போதும். உத்திரமேரூர் ஏரியில் மடையருகே ஒரு குழு நீர்மாதிரி எடுக்கட்டும். வெப்பநிலை, கார அமிலத் தன்மை, கரைந்துள்ள ஆக்சிஜன், நீரின் தெளிவு ஆகிய நான்கும் கையடக்கக் கருவிகளாலேயே பார்த்துவிடக்கூடியவை. தெளிவை அளக்க, இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள கருப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் போதும். மடைமேடை போல் உறுதியாக நின்று இறக்கக்கூடிய இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீர்வளத் துறையிடம் முன்கூட்டியே ஒப்புதலும் பெற்றுக்கொள்ளுங்கள். கரைந்த ஆக்சிஜன் காலையில் குறைந்தும் பிற்பகலில் பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் கூடியும் இருக்கும் என்பதால், அளந்த நேரத்தை எழுதாமல் விட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. யாரும் நீருக்குள் இறங்கக் கூடாது என்பதைப் பேருந்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மண் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

மற்றொரு குழு அதே கரையில், வயலுக்கு வருகிறவர்களிடம் பேசட்டும். 'இந்த ஏரியின் வரலாறு என்ன' என்று கேட்டால் கதைதான் வரும். மடையைத் திறப்பவர் யார், அவருக்குக் கூலி நெல்லாகவா பணமாகவா, நீர் குறைந்த ஆண்டில் முறை எப்படி வைக்கிறார்கள், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்கிறதா, ஏரியில் மீன்பிடி ஏலம் யார் எடுக்கிறார்கள், ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் எப்போதிலிருந்து பரவின, வண்டல் மண் அள்ளியது கடைசியாக எந்த ஆண்டு என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் திட்டமான விடை கிடைக்கும். பெண்களிடம் தனியாகப் பேச ஓரிரு மாணவியரை அனுப்புங்கள். ஆடு மாடு மேய்ப்பதும் கீரை பறிப்பதும் நீர் வற்றியபின் ஏரிக்குள் நடப்பதும் பற்றி அவர்களுக்குத் தெரிவது ஆண்களுக்குத் தெரியாது. பேசுபவரின் ஒப்புதல் பெறாமல் ஒலிப்பதிவு செய்ய வேண்டாம்.

இரு குழுவும் கோயிலுக்குப் புறப்படும் முன் கலிங்கருகே அமர்ந்து பதினைந்து நிமிடம் குறிப்புகளை ஒப்பிடட்டும். நீர்ப்பரிசோதனையில் கலங்கல் அதிகம் என்று வந்திருந்தால், தூர் எடுத்த ஆண்டைக் கேட்டறிந்த குழுவிடம் அதற்கொரு காரணம் கிடைக்கக்கூடும். முடிந்தால் சித்திரையில், நீர் வற்றிய பிறகு, ஐந்தாறு மாணவர்களை மட்டும் அதே இடத்துக்கு மீண்டும் அனுப்பி அதே அளவுகளை எடுத்து வரச் செய்யுங்கள். தையில் நீருக்கடியில் இருந்த மடையின் அடிப்பகுதியையும் அப்போது பார்த்து வரைந்துகொள்ளலாம்.